அர்ச்சுனன் தபசும் எங்கள் தபசு நாட்களும்

இந்த வருஷம் சாம்பல் புதன் கழிந்த மறுநாள் காலை, அமெரிக்காவிலிருந்து மகள் போன் பண்ணினாள். அவளுக்கு அப்போது இரவு. அவள் இருக்கும் ஊரில் நம் தென்னிந்தியத் திருச்சபை கிடையாது. அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எப்பிஸ்கோப்பல் சபைக்குப் போகிறாள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்து, பேராயர்களோடு அமெரிக்காவில் தனியாக நிற்கிற சபை அது. நமக்குச் சித்தப்பா வீட்டு உறவு என்று சொல்லலாம்.

"அப்பா, நெத்தியில சாம்பல் வெச்சாங்க. நீளமா ஒரு பாவ அறிக்கை. அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, 'உங்களை நீங்களே மன்னிக்க முடியாத ஒரு காரியத்தை எழுதுங்க, பேர் வேண்டாம்'னு சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டு எரிச்சாங்க. நம்ம சபையில இப்படித் தனித்தனியா பாவ அறிக்கை செய்யற வழக்கம் உண்டா?"

முப்பத்தைந்து வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் அல்லவா, யோசிக்காமல் பதில் சொன்னேன். "அது கத்தோலிக்கங்க வழக்கம்மா. நமக்கு எல்லாரும் சேர்ந்து சொல்றதுதான்."

"அப்போ ஒருத்தர் மனசுல தனியா ஒண்ணு இருந்தா, அதை எங்க போய்ச் சொல்லுவாரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சிக்னல் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களைக் கத்தோலிக்க நண்பர்கள் தவக்காலம் என்பார்கள். எங்கள் வீட்டில் லெந்து நாட்கள் என்றும் சொல்வோம், தபசு நாட்கள் என்றும் சொல்வோம். அம்மா எப்போதும் 'தபசு' என்றுதான் சொல்வாள். தபசு வந்தால் கறி மீன் கிடையாது, கல்யாணப் பேச்சு கிடையாது, புதுத்துணி கிடையாது. தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பாள். அது கோயிலுக்குப் போகும் பிடி அரிசி.

செங்கல்பட்டில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லோடு கூடவே மாமல்லபுரமும் வரும். அங்கே இருக்கிற பெரிய பாறைச் சிற்பத்துக்கு ஊர் வைத்த பெயரும் 'அர்ச்சுனன் தபசு'தான். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம். ஒற்றைக் காலில் நின்று, கைகளை மேலே தூக்கி, எலும்பு தெரியத் தவம் செய்கிறவர் பாசுபதம் கேட்கும் அர்ச்சுனன் என்று ஒரு கட்சி. முன்னோர்களின் சாம்பல் கரையேறக் கங்கையை வரவழைத்த பகீரதன் என்று இன்னொரு கட்சி.

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போவேன். அர்ச்சுனனா பகீரதனா என்பதில் பிள்ளைகளுக்கு அக்கறை கிடையாது. அவர்கள் தேடுவது பூனையை. பெரிய யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை, மேலே இருக்கிற தபசியைப் போலவே பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். "அது எதுக்கு சார் தவம் பண்ணுது?" என்று யாராவது ஒரு பையன் கேட்பான். "எலி பக்கத்துல வரணும்னுதான்" என்று இன்னொருவன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். உண்மைத் தபசையும் போலித் தபசையும் ஒரே பாறையில், ஒரே கோலத்தில் செதுக்கிவிட்டுப் போனார் அந்தச் சிற்பி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்போது பாவ அறிக்கையின் கதைக்கு வருகிறேன்.

மேற்கத்தியத் திருச்சபையில், ஒவ்வொரு விசுவாசியும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது குருவிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த வழக்கம் போர்த்துகீசியக் கப்பலில் நம் கடற்கரைக்கு வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களிடம் வேலை செய்த சேசு சபைக் குரு அன்றிக் அன்றிக்கஸ் தமிழ் கற்றார், தமிழில் அச்சுப் போட்டார். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579-ல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இந்த இரண்டையும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அடுத்த வருஷமே, 1580-ல், அவர் அச்சிட்ட புத்தகத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. அதன் பெயர் 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு.

சற்று யோசித்துப் பாருங்கள். திருக்குறள் அச்சேறுவதற்கு இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. தொல்காப்பியம் ஏட்டில் கிடக்கிறது. அப்போதே, ஒரு மனுஷன் தன் குற்றத்தை இன்னொரு மனுஷன் காதில் எப்படிச் சொல்வது என்பதற்குத் தமிழில் அச்சுப் புத்தகம் இருந்திருக்கிறது. 'அது நம்ம வழக்கமில்ல' என்று மகளிடம் நான் சொன்னது தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு தெரியாதவன் சொல்லும் பதில்.

எங்கள் வழி, சீர்திருத்த சபையின் வழி, வேறு திசையில் போனது. இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் தொகுத்த பொது ஜெபப் புத்தகத்தில், 1552 பதிப்பிலிருந்து, காலை ஜெபமே எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையோடு தொடங்கியது. குருவின் காதில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. அரசனும் ஆண்டியும் ஒரே கோயிலில் முழங்கால் போட்டு, ஒரே வார்த்தைகளில் 'நாங்கள்' என்று சொன்னார்கள். அது ஒரு பெரிய சமத்துவம்தான்.

ஆனால் தனி அறிக்கைக்கான கதவை அவர்கள் முழுக்க அடைக்கவில்லை. நோயாளியைச் சந்திக்கும் முறைமையில், மனசாட்சியில் பாரமான காரியம் இருந்தால் அதைத் தனியே சொல்ல இடம் வைத்தார்கள். திருவிருந்துக்கு முன் வாசிக்கும் புத்திமதியிலும் அப்படித்தான்: தன் மனதைத் தானே ஆற்றிக்கொள்ள முடியாதவர் குருவானவரிடம் வந்து துக்கத்தைத் திறந்து சொல்லலாம் என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. கட்டாயம் இல்லை, ஆனால் வழி உண்டு. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை 1979-ல் தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தியபோது, தனி ஒப்புரவுக்கென்றே ஒரு முறைமையையும், சாம்பல் புதனுக்கு நீண்ட பாவ அறிக்கையையும் சேர்த்தது. மகள் அன்று சொன்னது அதைத்தான்.

இந்தப் பொது ஜெபப் புத்தகம் தமிழுக்கு வந்ததில் ரோட்லர் ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்திராஸ்பூர்க்கில் பிறந்து, 1776-ல் தரங்கம்பாடியில் இறங்கி, கடைசிக் காலத்தில் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்து, 1836-ல் அங்கேயே இறந்தவர். தாவரவியல் அறிஞர், தமிழ் அகராதி தொகுத்தவர், ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கியவர். அந்தத் தமிழில்தான் நம் முன்னோர்கள் 'நாங்கள்' என்று சொல்லக் கற்றார்கள்.

ஆனால் அந்த 'நாங்கள்' யார்? இதை மறைக்காமல் எழுத வேண்டும். அன்றைய தமிழ்ச் சபைகள் பலவற்றில் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் முதலில் பாத்திரத்தில் பருகுவார்கள், மற்றவர்கள் பிறகு. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகிப் போனார்கள். பாவ அறிக்கையை விட அவர்கள் தயார், பெஞ்சை விடத் தயாரில்லை. ஞாயிறுதோறும் ஒரே வார்த்தையில் சேர்ந்து பாவத்தை அறிக்கையிட்டவர்கள், பக்கத்தில் இருப்பவனைத் தொடுவது என்று வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பொது அறிக்கையில் இருக்கிற ஆபத்து இதுதான். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் 'நான்' ரொம்ப வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

எங்கள் செங்கல்பட்டுக்கு வந்தவர்கள் ஸ்காட்லாந்து மிஷனரிகள். அவர்கள் நாட்டுச் சபையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. பாவம் செய்தவரைக் கோயிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு முக்காலியில் உட்கார வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் இங்கே வந்த காலத்தில் அது வழக்கொழிந்து போயிருந்தது. நல்லவேளை. அவர்கள் இங்கே விட்டுப்போனது பள்ளிக்கூடமும் மருத்துவமனையும். நான் படித்த எழுத்து அவர்கள் போட்ட விதை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஸ்காட்லாந்து வழி வந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒரு குடைக்குள் வந்தன. பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்களே கூடாது என்றிருந்த சபையும் இப்படிச் சேர்ந்தது உலகத்துக்கே புதுசு. அதற்கு வித்திட்ட 1919 தரங்கம்பாடிக் கூட்டத்தில் நம் நாட்டு ஊழியர்கள் சொன்னது நினைவுக்கு வருகிறது: இந்தப் பிரிவினைகளை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல, இவை வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை.

1950-ல் இந்தப் புதுச் சபை தனக்கென்று ஒரு திருவிருந்து முறைமையை வகுத்தது. அதில் பாவ அறிக்கையை ஆராதனையின் ஆரம்பத்திலேயே வைத்தார்கள். காணிக்கை படைப்பதற்குச் சற்று முன்னால் இன்னொன்றையும் வைத்தார்கள். அதுதான் சமாதானம் பகிர்தல். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் காலங்காலமாக இருந்த வழக்கம் அது. குருவானவர் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரைக்கும் போகும். வலது உள்ளங்கையை அடுத்தவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்ள வேண்டும். காணிக்கைக்கு முன் ஏன் வைத்தார்கள் என்றால், சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதனால்தான். வாயால் சொன்ன அறிக்கை கைக்கு இறங்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பின்னாளில் உலகத்தில் பல சபைகள் தங்கள் முறைமையைத் திருத்தியபோது தென்னிந்தியத் திருச்சபையின் இந்த முறைமையைக் கவனித்தே செய்தன. மகளின் சபையிலும் கை கொடுக்கிறார்கள்.

அதே 1947-ல் செங்கல்பட்டில் இன்னொரு கைகுலுக்கலும் நடந்தது. இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. 1920-களில் ஸ்காட்லாந்து மிஷன் பொறுப்பில் தொடங்கியது. பிறகு 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாக்கியது. டாக்டர் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அங்கே பல வருஷம் வேலை செய்தார். சல்போன் மருந்தை நம் நாட்டில் முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர். அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் எலும்பு மருத்துவரை இங்கே கூட்டிவந்தார். அவர் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், டாக்டர் பால் பிராண்ட். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடி பலவீனமாக இருக்கும் என்று நினைத்தவருக்குத் தன் கையே வலித்துப்போனது. அத்தனை பலம். ஆனால் பிடித்தவருக்கோ, தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்றே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியிலிருந்து பிராண்ட் ஒரு பெரிய உண்மையை நோக்கிப் போனார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், ஆணி குத்தியும் நடக்கிறார்கள், புண் ஆறுவதில்லை. கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன, அவற்றை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மறுபடி வேலை செய்யும். வேலூரில் அவர் அப்படிச் செய்து காட்டினார். வலி என்பது கடவுள் கொடுத்த கொடை என்று வாழ்நாள் முழுவதும் சொன்னார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பிற்பாடு. அதற்கு முன்பே திருமணி எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

என் பெரியப்பா தையல்காரர். 1950-களின் ஆரம்பத்தில் அவர் முதுகில் ஒரு வெளிறிய படை. பிறகு ஊசி குத்தினாலும் விரலில் தெரியாமல் போயிற்று. ஒருநாள் துணியில் ரத்தக்கறை பார்த்த பிறகுதான் தன் விரல் கிழிந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. திருமணியில் சேர்ந்து, வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு, முழுக்கக் குணமானார். சான்றிதழோடு வந்தார். ஆனால் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே இருந்தன. ஊர் சான்றிதழைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தது. அவர் வீட்டோடு வந்து இருக்கவில்லை. திருமணிப் பக்கமே ஒரு அறை எடுத்துக்கொண்டு, மூன்று விரலால் தைத்தார். பத்தாம் வகுப்பு வரைக்கும் நான் போட்ட சட்டையெல்லாம் அவர் தைத்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்கு வருவார், கடைசிப் பெஞ்சில் உட்காருவார்.

1972. எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை கிடைத்து ஒரு வருஷம், பெண் பார்த்து நிச்சயமாகியிருந்தது. தபசு நாட்கள் முடிந்து கல்யாணம். அந்த லெந்தில் ஒரு முதல் ஞாயிறு, பெண் வீட்டார் எங்கள் கோயிலுக்கு ஆராதனைக்கு வந்தார்கள். மாமனார் என் பெஞ்சிலேயே, எனக்கு இரண்டு ஆள் தள்ளி. பெண் அந்தப் பக்கம். அன்று கோயில் நிறைந்திருந்ததால் பெரியப்பா கடைசிப் பெஞ்சில் இடமில்லாமல் முன்னால் வந்து, எனக்கு அடுத்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னோம். நானும் சத்தமாகச் சொன்னேன். பிறகு சமாதானம் வந்தது. மறுபக்கம் இருந்தவரிடமிருந்து வாங்கிய பெரியப்பா, என் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். அந்த இரண்டு விரல் மடங்கிய கை.

நான் இரண்டு கையையும் குவித்து வணக்கம் சொன்னேன்.

மரியாதையான வணக்கம். யாரும் குறை சொல்ல முடியாது. பெரியவருக்குச் சின்னவன் வணக்கம் சொன்னான், அவ்வளவுதான். பெரியப்பா ஒரு நிமிஷம் கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு அவரும் கையைக் குவித்தார். "நல்லா இருப்பா" என்றார். நான் திரும்பி அடுத்தவருக்கு முறைப்படி கை கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அவர் கையால் தைத்த வெள்ளைச் சட்டை மட்டும் வந்தது. அளவு சரியாக இருந்தது. 1981-ல் அவர் தவறிப்போனார். இடையில் ஒன்பது வருஷம். எத்தனை முதல் ஞாயிறுகள்! ஒரு தடவைகூட நான் அதைப் பேசவில்லை. அவர் மீண்டும் கடைசிப் பெஞ்சுக்கே போய்விட்டதால் பேசாமல் இருப்பது சுலபமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் அறிக்கை சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கிறார் என்று நம்புகிறேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் சமாதானம் பகிரும் நேரம் வந்தால் வயிற்றில் ஏதோ ஒன்று பிசையும். 2020-ல் கொரோனா வந்து, கை கொடுக்க வேண்டாம், எல்லோரும் வணக்கம் சொன்னால் போதும் என்று சபையில் அறிவித்தார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஊரே என் பக்கம் வந்துவிட்டது! அடுத்த நொடியே வெட்கம். அந்தப் பாறையில் கையைத் தூக்கி நிற்கிற பூனை ஞாபகம் வந்தது.

மகள் கேட்ட கேள்வி என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. எட்டாம் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவியிடம் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிறவளிடம் சொல்ல ஒரு மணி நேரம் சுற்றி வளைத்தேன். "உங்க அப்பா பார்த்துட்டு இருந்தாரு. சம்பந்தம் கெட்டுப் போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்று முடித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும், எங்கப்பா நேரா உங்க பெரியப்பாகிட்டதான் போனாரு. ரெண்டு கையாலயும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு. நீங்க பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. ஆயரோடு பேசுகிற சாக்கில் உள்ளேயே நின்றுவிட்டேன்.

"எங்க வீட்டுக்கு அது முன்னாடியே தெரியும்ங்க. 'மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கு என்ன'ன்னு அப்பா சொன்னாரு. நீங்க வணக்கம் சொன்னதையும் நான் பார்த்தேன். என்னைக்காவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

ஐம்பது வருஷம்! நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றை, பக்கத்திலேயே ஒருத்தி பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு யோசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'உன்னை நீயே மன்னித்துக்கொள்' என்று பைபிளில் நேராக ஒரு கட்டளை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் தபசு நாட்களின் கடைசி வாரத்தில் நாம் வாசிக்கிற இரண்டு ஆட்களின் கதை உண்டு. யூதாசும் பேதுருவும் ஒரே ராத்திரியில் தவறினார்கள். இரண்டு பேரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய், குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கையே செய்தான். கேட்டவர்கள், அது உன் பாடு என்று கைவிரித்துவிட்டார்கள். அவன் நான்றுகொண்டு செத்தான். பேதுருவோ மற்ற சீஷர்களோடேயே இருந்தான், மீன் பிடிக்கப் போனான். விடியற்காலையில் கடற்கரையில், கரி நெருப்பில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு, ஆண்டவர் அவனிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவை மறுதலித்தவனை மூன்று தடவை பேச வைத்தார். பாவத்தின் அளவில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சொன்னதைக் கேட்க ஒருவனுக்கு ஆள் இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை.

தன்னை மன்னிப்பது என்றால் மறந்துவிடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அது மரத்துப்போவதுதான். மரத்துப்போனால் என்ன ஆகும் என்று பிராண்ட் சொல்லிவிட்டார்: வலிக்காது, ஆனால் புண் ஆறாது. மனைவியிடம் சொன்ன பிறகு எனக்கு வலி போகவில்லை. பெரியப்பா கையை நீட்டியபடி இருந்த அந்த ஒரு நிமிஷம் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அதைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அவர் "நல்லா இருப்பா" என்று சொன்னது இத்தனை நாளும் எனக்குக் குத்தலாகத்தான் கேட்டது. இப்போது யோசித்தால், அது ஆசீர்வாதமாகவே இருந்திருக்கலாம். அந்தச் சட்டையைத் தைத்தவர் குத்தலாகப் பேசக்கூடியவர் இல்லை.

நாட்டுச் சட்டமும் மெதுவாகத்தான் திருந்தியது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் 2016-ல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவை 2019-ல்தான் நீக்கினார்கள். பெரியப்பா போய் முப்பத்தெட்டு வருஷம் கழித்து.

போன ஞாயிறு மகளைக் கூப்பிட்டேன். சிக்னல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், சிரித்தாள். "நம்ம சபையிலும் வழி உண்டும்மா. பழைய ஜெபப் புத்தகத்துலயே இருக்கு. ஆயர்கிட்ட போகலாம். இல்லன்னா நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லலாம். காகிதத்துல எழுதி எரிச்சாலும் நல்லதுதான். ஆனா யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்கணும்."

"நீங்க யார்கிட்டப்பா சொன்னீங்க?"

"உங்கம்மாகிட்ட."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்."

இந்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் கோயிலில் இன்னும் பாதிப்பேர் வணக்கம்தான் சொல்கிறார்கள். நான் இரண்டு கையையும் நீட்டப் போகிறேன். பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ தெரியாது.

ஈஸ்டர் முடிந்ததும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை பற்றி எழுதுகிறேன். போன மாதமே கேட்டிருந்தீர்கள், மறக்கவில்லை.